இரண்டு டோர்ச், இரண்டு வெள்ளை

கஹவத்தை டவுனில் ஒரு கடைக்குப் போய் டோர்ச் கேட்டுப் பார். கடைக்காரர் நாலைந்தை எடுத்து மேசையில் வைப்பார். ஒன்றை அடித்தால் வெள்ளை வெளிச்சம். அடுத்ததை அடித்தாலும் வெள்ளை வெளிச்சம். "எல்லாம் ஒன்னுதான், விலைதான் வேற" என்பார்.

வேறு பிள்ளை என்றால் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடும். நீ அப்படி இல்லை. "ரெண்டையும் ஒரே நேரத்தில அந்தச் சுவர்ல அடிங்க மாமா, பார்ப்போம்" என்று கேட்கிற பிள்ளை நீ. அதனால்தான் உன்னோடு பேச எனக்கு விருப்பம்.

அப்படி அடித்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஒன்று நீலம் ஓடிய வெள்ளையாக இருக்கும். மற்றது மஞ்சள் ஓடிய வெள்ளை. மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் அதில் லேசாகப் பச்சை தெரிந்தாலும் தெரியும். தனித்தனியே பார்த்தபோது மூன்றும் வெள்ளைதானே? பக்கத்தில் பக்கத்தில் வைத்தவுடன் எப்படி மாறின?

இதற்குப் பதில் சொல்ல டோர்ச்சுக்குள்ளும் போக வேண்டும், உன் கண்ணுக்குள்ளும் போக வேண்டும். முதலில் டோர்ச்.

டோர்ச்சை நன்றாக அணைத்துவிட்டு அதன் முகத்தைப் பார். எரியும்போது மட்டும் நேராகப் பார்க்காதே. இந்தக் காலத்து எல்.ஈ.டி. வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும். தம்பி, தங்கச்சி முகத்திலும் அடிக்காதே. அணைத்த பிறகு என்ன தெரிகிறது? நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு, இல்லையா? வெள்ளை வெளிச்சம் தருகிற பொருள் மஞ்சளாக இருக்கிறது!

அந்த மஞ்சள், ஒரு தூள். அதன் அடியில் கடுகளவு சில்லு ஒன்று ஒளிந்திருக்கிறது. மின்சாரம் பாய்ந்தால் அந்தச் சில்லு நீல ஒளியைத்தான் தரும். நீல ஒளியில் ஒரு பங்கு தூளில் பட்டு மஞ்சளாக மாறி வெளியே வரும். மீதி நீலமாகவே தப்பி வரும். நீலமும் மஞ்சளும் ஒன்றாகக் கண்ணுக்குள் விழும்போது நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது.

நீ இப்போது கையைத் தூக்குவாய் என்று தெரியும். "சித்திரப் பாடத்தில் நீலத்தையும் மஞ்சளையும் கலந்தால் பச்சைதானே வந்தது?" சபாஷ். பெரியவர்கள் பலர் கேட்க மறந்துபோகும் கேள்வி இது. சாயம் ஒளியைத் தின்னும். நீலச் சாயம் சில நிறங்களைத் தின்கிறது, மஞ்சள் சாயம் வேறு சிலவற்றைத் தின்கிறது. இரண்டும் தின்னாமல் விட்டது பச்சை மட்டும். ஒளி அப்படி இல்லை. ஒளியோடு ஒளி சேர்ந்தால் கூடும். எதுவும் குறையாது. அதனால் நீலச் சாயமும் மஞ்சள் சாயமும் பச்சையாகும், நீல ஒளியும் மஞ்சள் ஒளியும் வெள்ளையாகும். சரியா? மெதுவாக இன்னொரு முறை வாசித்துவிட்டு வா. நான் காத்திருக்கிறேன்.

அந்த நீலச் சில்லைச் செய்ய உலகம் முப்பது வருடம் பட்டபாடு பெரிய கதை. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.ஈ.டி.யை 1962இல் அமெரிக்காவில் நிக் ஹொலொன்யாக் செய்து காட்டினார். பிறகு பச்சையும் வந்தது. நீலம் மட்டும் வரவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை இல்லை. காலியம் நைட்ரைட்டு என்ற பொருளில் நீலம் வரும் என்று தெரிந்திருந்தும், அதை நல்ல பளிங்காக வளர்க்க யாராலும் முடியவில்லை. பலர் கைவிட்டுவிட்டார்கள்.

கைவிடாதவர்கள் ஜப்பானில் இருந்தார்கள். நகோயா பல்கலைக்கழகத்தில் இசாமு அகசாகியும் அவருடைய மாணவர் ஹிரோஷி அமானோவும் 1986இல் நல்ல பளிங்கை வளர்த்துக் காட்டினார்கள். தொகுஷிமா என்ற ஊர்ப்பக்கத்தில் நிச்சியா என்ற கம்பனியில் வேலை பார்த்த ஷுஜி நகமுரா, பிரகாசமான நீல எல்.ஈ.டி.யை 1993இல் வெளியிட்டார். நிச்சியாவின் பழைய தொழிலே தொலைக்காட்சிக் குழாய்களுக்கும் டியூப் லைட்டுகளுக்கும் ஒளிரும் தூள் செய்வதுதான்! நீலச் சில்லும் கையில், தூளும் கையில். 1996இல் அந்தக் கம்பனியிலிருந்து வெள்ளை எல்.ஈ.டி. விற்பனைக்கு வந்தது. மூன்று பேருக்கும் 2014இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இனி நான் சொல்லப்போவது இரத்தினபுரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கென்றே எடுத்து வைத்த செய்தி.

அந்தப் பளிங்கை வெறும் காற்றில் வளர்க்க முடியாது. அடியில் ஒரு தட்டு வேண்டும். அகசாகியும் அமானோவும் நகமுராவும் எடுத்த தட்டு எது தெரியுமா? நீலக்கல். ஆமாம், நம் ஊர் மாணிக்கக் குழிகளில் இல்லம் என்ற சரளை மண்ணைக் கழுவி அரித்துத் தேடுகிறார்களே, அதே கல்தான். இன்றைக்கும் பெரும்பாலான நீலச் சில்லுகள் அதன் மேல்தான் வளர்கின்றன. குழியில் எடுத்த கல் அல்ல, தொழிற்சாலையில் உருக்கி வளர்த்த கல். ஆனாலும் பொருள் ஒன்றேதான். அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த பளிங்கு.

அவசரப்பட்டு ஒன்றை நினைத்துவிடாதே. டோர்ச்சின் நீல ஒளி நீலக்கல்லிலிருந்து வருவதில்லை. தட்டாகப் பயன்படுவது நிறமே இல்லாத, கண்ணாடி மாதிரித் தெளிந்த நீலக்கல். குழியில் கிடைக்கும் கல் நீலமாக இருப்பதற்குக் காரணம் அதற்குள் துளியளவு புகுந்த இரும்பும் டைட்டேனியமும். டோர்ச்சின் நீலம் தட்டின் மேல் வளர்ந்த காலியம் நைட்ரைட்டிலிருந்து வருகிறது.

அந்த மஞ்சள் தூள்? அதுவும் நமக்குச் சொந்தம்தான்! அதன் பளிங்கு அமைப்பு கார்னெட் என்ற கல்லின் அமைப்பு. கோமேதகம் என்று மோதிரத்தில் பதிக்கிறார்களே, அதுவும் கார்னெட் குடும்பம். இல்லத்தை அரிக்கும்போது அந்தக் குடும்பத்துக் கற்கள் கூடை நிறைய வரும். டோர்ச்சின் தூள் யிற்றியம், அலுமினியம், ஒட்சிசன் சேர்ந்து செய்த கார்னெட். அதில் சிறிது சீரியம் சேர்த்திருப்பார்கள். நீலத்தை மஞ்சளாக மாற்றுவது அந்தச் சீரியத்தின் வேலை.

ஆக, உன் கையில் இருக்கும் மலிவு டோர்ச்சுக்குள் ஒரு நீலக்கல் துண்டும் ஒரு கார்னெட் பொட்டும் இருக்கலாம். மனிதர் செய்தவைதான். யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள்!

சரி, நிறத்துக்கு வருவோம். தூள் மெல்லியதாக இருந்தால் நீலம் அதிகமாகத் தப்பி வரும். வெளிச்சம் நீலம் ஓடும். தூள் தடித்திருந்தாலும், சிவப்பு தரும் இன்னொரு தூளைச் சேர்த்திருந்தாலும் வெளிச்சம் மஞ்சள் பக்கம் போகும். இதை ஒரே டோர்ச்சிலேயே பார்க்கலாம். வெள்ளைச் சுவரில் அடித்துப் பார். வட்டத்தின் நடுப்பகுதி நீலம், ஓரம் மஞ்சள், சரிதானே? சாய்வாக வெளியேறும் ஒளி தூளுக்குள் கூடுதல் தூரம் போகிறது. அதனால் ஓரத்தில் மஞ்சள் கூடுகிறது.

இதில் தொழிற்சாலைக்கும் தலைவலிதான். ஒரே நாளில், ஒரே இயந்திரத்தில் செய்தாலும் எல்லாச் சில்லும் ஒரே நிறத்தில் வராது. உன் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் ஒரே கொழுந்திலிருந்து வந்த தூளைச் சல்லடையில் போட்டு பி.ஓ.பி., டஸ்ட் என்று தரம் பிரிக்கிறார்களே, அதே மாதிரி எல்.ஈ.டி.களையும் ஒவ்வொன்றாக எரித்து அளந்து, நிறம், பிரகாசம் பார்த்துத் தனித்தனிப் பெட்டியில் போடுகிறார்கள். நல்ல பெட்டிக்கு நல்ல விலை. யாரும் விரும்பாத நீலமும் பச்சையும் ஓடிய பெட்டிகள் மலிவாகப் போகும். அவை எந்த டோர்ச்சுக்குள் வந்து சேரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டோர்ச் பெட்டியில் சில வேளை ஓர் எண்ணும் அதன் பின்னால் "கே" என்ற எழுத்தும் இருக்கும். அது கெல்வின். இரும்பைக் கொல்லர் உலையில் சூடாக்கினால் முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், இன்னும் சூடேறினால் வெளுக்கும். அந்தச் சூட்டை வைத்து வெளிச்சத்தின் நிறத்துக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். மெழுகுதிரிக்குச் சுமார் 1900. பழைய குண்டு பல்புக்குச் சுமார் 2700. நடுப்பகல் வெயிலுக்கு 5500 அளவில். மேகம் மூடிய வானத்துக்கு 6500 அளவில். எண் ஏற ஏற நீலம், இறங்க இறங்க மஞ்சள். இது போதும், இதற்கு மேல் நினைவில் வைக்க வேண்டியதில்லை.

ஆனால் கெல்வின் எண் பச்சையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இரண்டு டோர்ச்சிலும் 5000 கே என்றே இருக்கும். ஒன்றில் பச்சை ஓடும், மற்றதில் இளஞ்சிவப்பு ஓடும். இந்தப் பச்சைக்குப் பின்னால் ஒரு தந்திரம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளப் பிரகாசத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

பிரகாசத்துக்கு இரண்டு அளவு உண்டு. டோர்ச்சிலிருந்து மொத்தம் எவ்வளவு ஒளி வருகிறது என்பது லூமென். ஒரு பக்கத்தை நோக்கி எவ்வளவு கூர்மையாகப் போகிறது என்பது கண்டெலா. ஒரு மெழுகுதிரி ஏறக்குறைய 1 கண்டெலா. எல்லாப் பக்கமும் பரவும் அதன் ஒளியைக் கூட்டினால் சுமார் 12 லூமென். அதே 12 லூமெனையும் நல்ல கண்ணாடிக் குவளை ஒன்றால் ஒரே பக்கம் திருப்பினால் பல நூறு கண்டெலாவாக்கிவிடலாம். ஒளி ஒரு துளியும் கூடவில்லை. இடம் மட்டும் சுருங்கியது. அதனால் சுவரில் நடுப்பொட்டு பளிச்சென்று இருப்பதைப் பார்த்து "இதுதான் பெரிய டோர்ச்" என்று முடிவு கட்டாதே. இரண்டையும் கூரையை நோக்கி அடித்து, காம்பரா முழுவதும் எவ்வளவு வெளிச்சமாகிறது என்று பார். லூமென் எதில் அதிகம் என்று அப்போது தெரியும்.

இப்போது தந்திரம். லூமென் என்பது கண் உணரும் அளவு. நம் கண்ணுக்குப் பச்சை ஒளிதான் மிக நன்றாகத் தெரியும். அதே சக்தியில் கடுஞ்சிவப்பு ஒளியைக் கொடுத்தால் பச்சையில் உணர்ந்ததில் பத்தில் ஒரு பங்குதான் உணரும். பச்சை கொஞ்சம் கூடின எல்.ஈ.டி.க்கு, அதே பெட்டரியில், லூமென் எண் கூடுதலாக வரும். சிவப்பு நன்றாக உள்ளதற்குக் குறையும். பெட்டியில் பெரிய எண் போட ஆசைப்படுகிறவர் எதைத் தேர்வார்? நீயே சொல்!

அதோடு, பெரிய எண் எல்லாம் உண்மை என்றும் நம்பாதே. கைக்குள் அடங்கும் மலிவு டோர்ச்சில் பத்தாயிரம் லூமென் என்று அச்சடித்திருந்தால் சிரித்துவிட்டு வைத்துவிடு. வீட்டுக்குப் போடும் 9 வாற்று எல்.ஈ.டி. பல்ப் சுமார் 800 லூமென்தான் தருகிறது.

தூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியில் "100 மீற்றர்" என்று இருக்கும். 2009இல் அமெரிக்காவில் வந்த ஒரு தர அளவின்படி, டோர்ச் வெளிச்சம் எந்த இடத்தில் முழுநிலா வெளிச்சத்தின் அளவுக்குக் குறைகிறதோ அதுவரைதான் அதன் தூரம். போயா இரவில் இறப்பர் மலைக்கு நடுவே நின்று பார்த்திருக்கிறாயா? ஆள் நிற்பது தெரியும். யார் என்று தெரியாது. 100 மீற்றர் டோர்ச் 100 மீற்றரில் அவ்வளவுதான் காட்டும். தூரத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமா? கண்டெலாவை நான்கு மடங்காக்க வேண்டும்.

ஏன் இரண்டு இல்லாமல் நான்கு? வெளிச்சம் இரண்டு மடங்கு தூரம் போனால் அகலத்திலும் இரண்டு மடங்கு விரியும், உயரத்திலும் இரண்டு மடங்கு விரியும். இரண்டையும் பெருக்கிப் பார். இதை நன்றாகப் பிடித்துக்கொள். அடுத்த பரிசோதனைக்கு இதுதான் சாவி.

ஒரு வெள்ளைத் தாள் எடு. நடுவில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடு. ஒரு ரூபாக் குற்றி அளவுக்கு ஊறட்டும். இரவில் காம்பராவை இருட்டாக்கு. மேசையில் இரண்டு டோர்ச்சையும் 90 சென்டிமீற்றர் இடைவெளியில் எதிரும் புதிருமாக வை. இரண்டின் முகத்தையும் ஒரே மாதிரி வெள்ளைத் தாளால் மூடு. அப்போது கதிர் பரந்து, முகம் முழுவதும் ஒரே சீராக ஒளிரும். எண்ணெய்த் தாளை நடுவில் நிறுத்திப் பிடி.

எண்ணெய் ஊறிய இடத்தில் ஒளி எளிதாக ஊடுருவும். அதனால் பின்பக்கம் வெளிச்சம் அதிகமானால் பொட்டு பளிச்சென்று தெரியும். முன்பக்கம் அதிகமானால் பொட்டு கறுத்துத் தெரியும். தாளை மெதுவாக அங்கும் இங்கும் நகர்த்து. ஓரிடத்தில் பொட்டு மறையும்! அங்கே இரண்டு பக்கத்து வெளிச்சமும் சமம்.

இப்போது அளவுகோலை எடு. ஒரு டோர்ச் 60 சென்டிமீற்றரிலும் மற்றது 30 சென்டிமீற்றரிலும் இருந்தால், தூரம் இரண்டு மடங்கு. இரண்டை இரண்டால் பெருக்கு. தூரத்தில் இருப்பதற்குப் பிரகாசம் நான்கு மடங்கு. அவ்வளவுதான். ஆய்வுகூடத்தில் பன்சன் சுடரடுப்பு பார்த்திருப்பாய். அதே ஜெர்மனி விஞ்ஞானி றொபர்ட் பன்சன் 19ஆம் நூற்றாண்டில் செய்த முறை இது. காஸ் விளக்குகளை அளக்க அந்தக் காலத்தில் இதைத்தான் வைத்திருந்தார்கள்.

நீ செய்து பார்க்கும்போது ஒரு சங்கடம் வரும். பொட்டு முழுவதும் மறையாது. ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள் என்று விளிம்பில் ஏதோ தெரிந்துகொண்டே இருக்கும். உன் கை பிழை அல்ல. நிறம் வேறான இரண்டு வெளிச்சத்தை "இது பெரிது, இது சிறிது" என்று ஒப்பிடுவது பன்சன் காலத்து ஆட்களுக்கும் கஷ்டம்தான். பொட்டு மிகவும் மங்கும் இடத்தை எடுத்துக்கொள்.

இன்னொன்றும் கவனி. தாள் நான்கு மடங்கு என்று சொல்கிறது. உன் கண்ணுக்கு நான்கு மடங்காகவா தெரிகிறது? இல்லை. ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றுதான் தோன்றும். கண் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. 300 லூமென் டோர்ச்சுக்குப் பதிலாக 400 லூமென் டோர்ச்சுக்குக் கூடக் காசு கொடுக்கச் சொன்னால் யோசி. அந்த வித்தியாசம் உனக்கு லேசாகத்தான் தெரியும்.

இனிக் கண்ணின் அடுத்த விளையாட்டு. முதலில் கேட்டோமே, தனித்தனியாகப் பார்த்தால் ஏன் எல்லாம் வெள்ளை என்று? குப்பி லாம்பு வெளிச்சத்தில் படித்த தாத்தா பாட்டி உன் லயத்தில் இருப்பார்கள். "அப்போது கொப்பித் தாள் என்ன நிறமாகத் தெரிந்தது?" என்று கேள். "வெள்ளைதான், வேறென்ன?" என்பார்கள். குப்பி லாம்பின் சுடரோ செம்மஞ்சள். மூளை சில நிமிடத்தில் அந்த வெளிச்சத்தைப் பழகிக்கொண்டு, செம்மஞ்சளைக் கழித்துவிட்டு, தாளை வெள்ளையாகக் காட்டிவிடுகிறது. டோர்ச் தனியாக எரிந்தாலும் அதே கதை. பக்கத்தில் இன்னொன்று இருந்தால்தான் மூளை ஏமாறாது. அதனால்தான் சொல்கிறேன், நேற்றுப் பார்த்த டோர்ச்சை இன்றைய டோர்ச்சோடு நினைவில் வைத்து ஒப்பிடாதே. இரண்டும் ஒரே நேரத்தில் எரிய வேண்டும்.

சரி, நீலமோ மஞ்சளோ, கண் பழகிக்கொள்கிறது என்றால் எதை வாங்கினால் என்ன? நல்ல கேள்வி. கண் வெள்ளைக்குப் பழகும். ஆனால் வெளிச்சத்தில் இல்லாத நிறத்தைக் கண்ணால் உண்டாக்க முடியாது.

பழைய குறுந்தட்டு, அதாவது சீடி, ஒன்று கிடைத்தால் அதில் டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாக விழவிட்டு வரும் நிறங்களைப் பார். மெழுகுதிரியில் நிறங்கள் இடைவெளி இல்லாமல் ஓடும். எல்.ஈ.டி.யில் நீலம் ஒரு தடித்த பட்டையாக நிற்கும். அடுத்து ஒரு மங்கல். பிறகு பச்சையும் மஞ்சளும் விரியும். சிவப்பு, அதுவும் கடைசிச் சிவப்பு, மெலிந்துபோயிருக்கும். மலிவு நீல வெள்ளையில் அது இன்னும் மெலிந்திருக்கும்.

மழைக்காலத்தில் காலில் அட்டை கடித்தால் இரத்தம் வழியும் அல்லவா? நீல வெள்ளை டோர்ச்சில் அது கறுப்பாகவோ மண்ணிறமாகவோ தெரியும். ஈரச் சருகும் மண்ணும் எல்லாம் சாம்பல் பூசியது மாதிரி ஒன்றாகிவிடும். அந்தச் சருகில் கிடக்கிற மண்ணிறப் பாம்பையும் பிரித்துக் காண்பது கஷ்டம். விடியற்காலை இறப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கு இது விளையாட்டு அல்ல.

மாணிக்கக்கல் வியாபாரிகளுக்கு இந்தச் சங்கதி அத்துபடி. கல்லை டோர்ச் மேல் வைத்து ஊடே பார்ப்பார்கள். உள்ளே வெடிப்பு இருக்கிறதா, மாசு இருக்கிறதா என்று பார்க்க டோர்ச் போதும். நிறத்துக்கு விலை பேசும்போது பகல் வெளிச்சத்துக்குப் போக வேண்டும். நீலம் ஓடிய டோர்ச்சில் சாதாரண நீலக்கல்லும் நல்ல நீலமாகத் தெரியும். அதே டோர்ச்சில் சிவப்புக் கல் சோர்ந்துபோகும்.

எல்லாவற்றுக்கும் மேலே அலெக்சாண்ட்ரைட் என்று ஒரு கல் இருக்கிறது. இலங்கையிலும் கிடைக்கிறது, அரிது. பகலில் பச்சை, மெழுகுதிரி வெளிச்சத்தில் சிவப்பு! மந்திரம் இல்லை. அதற்குள் இருக்கும் குரோமியம் பச்சைக்கும் சிவப்புக்கும் மட்டும் இரண்டு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. பகல் வெளிச்சத்தில் பச்சை நிறைய இருப்பதால் பச்சை வாசலால் ஒளி நிறைய வரும். மெழுகுதிரியில் சிவப்பு நிறைய, ஆகவே சிவப்பு வாசல். நீல வெள்ளை எல்.ஈ.டி.யில் அடித்தால் என்ன நிறமாகும்? கொஞ்சம் யோசித்துவிட்டுக் கீழே வா.

பச்சைப் பக்கம்தான் சாயும். சிவப்பு வாசலால் வருவதற்கு அந்த வெளிச்சத்தில் சிவப்பு போதாது. சரியாகச் சொன்னாயா? நான் எதிர்பார்த்தேன்.

இதையெல்லாம் ஓர் எண்ணுக்குள் அடக்கப் பார்த்தார்கள். சி.ஆர்.ஐ. என்பார்கள். ஒரு வெளிச்சம் நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கு 100க்கு மார்க். சாதாரண டோர்ச் எல்.ஈ.டி. 70 அளவில் வாங்கும். நல்லவை 90ஐத் தாண்டும். ஆனால் இந்தப் பரீட்சையில் ஒரு ஓட்டை இருக்கிறது. எட்டு மென்மையான நிறங்களை வைத்துத்தான் மார்க் போடுகிறார்கள். அந்த எட்டில் கடுஞ்சிவப்பு இல்லை! எல்.ஈ.டி.கள் வழக்கமாகத் தோற்கும் பாடத்தையே பரீட்சையில் கேட்கவில்லை. ஆகவே 80 மார்க் வாங்கிய எல்.ஈ.டி.யிலும் சிவப்பு மோசமாக இருக்கலாம்.

மஞ்சள் வெளிச்சம் மூடுபனியைக் கிழித்துக்கொண்டு போகும் என்று இறக்குவானைப் பக்கம் சொல்லக் கேட்டிருப்பாய். அதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பனித் துளிகள் ஒளி அலையைவிடப் பல மடங்கு பெரியவை. நீலம், மஞ்சள் எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறடிக்கும். பனியில் நிறத்தைவிடக் கைதான் முக்கியம். டோர்ச்சை நெற்றிக்குப் பக்கத்தில் பிடித்தால் சிதறிய ஒளி நேரே கண்ணுக்குத் திரும்பி வரும். இடுப்புக்குக் கீழே பிடித்துத் தரையில் அடி. பாதை தெரியும்.

நீல வெள்ளைக்கும் ஒரு நியாயம் உண்டு, மறைக்கக் கூடாது. அதே பெட்டரியில் அது கூடுதல் லூமென் தரும். மஞ்சளாக்கவும் சிவப்புச் சேர்க்கவும் போனால் வழியில் கொஞ்சம் ஒளி வீணாகும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தது. அப்படியான நாளில், காம்பராவில் மூலைக்கு மூலை வெளிச்சம் கிடைத்தால் போதும், பெட்டரி நீடித்தால் போதும் என்றுதான் இருக்கும். அதற்கு எந்த வெள்ளையும் சரி. நடந்து போக, காயம் பார்க்க, கொழுந்தும் கல்லும் பார்க்க, என்னைக் கேட்டால் 4000 கே முதல் 5000 கே வரை, சிவப்பு நன்றாகத் தெரிகிற டோர்ச். லூமென் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. அந்தக் குறைவைத்தான் கண் கவனிக்காதே!

அடுத்த முறை டோர்ச் வாங்க அம்மாவோடு டவுனுக்குப் போகும்போது, சட்டைப் பையில் ஒரு வெள்ளைத் தாளும் ஒரு செத்தல் மிளகாயும் எடுத்துப் போ. இரண்டு டோர்ச்சையும் ஒன்றாக அடிக்கச் சொல். முதலில் தாளில் பார், எதில் நீலம், எதில் பச்சை என்று. பிறகு மிளகாயைத் தாள் மேல் வை. எதில் அது மிளகாய்ச் சிவப்பாக இருக்கிறது, எதில் பழைய தோல் மாதிரி மண்ணிறமாகிறது? பெட்டியில் இருக்கும் எண் விட்டுவிட்ட பாடத்தை அந்த மிளகாய் கேட்டுவிடும். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். அவரையும் கூப்பிட்டுக் காட்டு. பழைய பெட்டரியை மட்டும் ஓடையில் எறியாமல் கொண்டுபோய்க் கொடுக்க எங்கே இடமிருக்கிறது என்று அவரிடமே கேட்டு வைத்துக்கொள்.